பீர்க்கம்பூ விரியும் நேரம்

முதல் பூ விரிந்ததை நான் பார்க்கவில்லை; ஜெயக்கொடி சொல்லக் கேட்டுக் கேட்டு, இப்போது நானே பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

கருமத்தம்பட்டியில் பல வருடம் விசைத்தறி ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. தறியை விடாவிட்டால் வலது காதும் போகும் என்றார் டாக்டர். விட்டேன். ஊருக்கு வெளியே சுப்பண்ணனின் கல்தூண் பந்தலைக் குத்தகைக்கு எடுத்து, நானும் என் மனைவி ஜெயக்கொடியும் பீர்க்கன் போட்டோம்.

கொடி பந்தலை மூடியது. கொத்துக் கொத்தாக ஆண் பூ. பெண் பூ தனித்தனியாக, அடியில் சின்னப் பிஞ்சோடு. ஆனால் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தேனீப் பெட்டி வாங்கி வைத்தேன். அப்போதும் உதிர்ந்தன. தினமும் காலையில் அவற்றைப் பொறுக்கினோம்.

சுப்பண்ணன் கெட்டவர் இல்லை. போன வருடம் அதே பந்தலில் அவருக்குப் பாகல் நன்றாகக் காய்த்திருந்தது. தீபாவளிக்குள் காய் பிடிக்காவிட்டால் பந்தலைப் பிரித்து, லாரி நிறுத்த இடத்தை விடப்போவதாகச் சொன்னார். எனக்கு வேறு தொழில் தெரியாது. மறுபடி தறிதான்.

அது அக்டோபர், எங்களுக்குச் செபமாலை மாதம். மாலையில் எங்கள் தெருவில் வீடு வீடாக மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, எடுத்து வருவார்கள். செபத்தை முன்னின்று சொல்வது நான். அதற்காகப் பொழுது சாயும் முன்பே தோட்டத்திலிருந்து கிளம்பிவிடுவோம். ஒருநாள் ஜெயக்கொடிக்குக் கால் பிசகிவிட்டது. அவளைப் பந்தலடியில் உட்காரவைத்துவிட்டு, செபம் முடிந்து வண்டியோடு திரும்பினேன். அவள் மேலே கை காட்டினாள். காலையில் வாடிக் கிடந்தே நான் பார்த்திருந்த பூக்கள், பந்தல் முழுக்க மஞ்சளாக விரிந்திருந்தன.

"தேனீயெல்லாம் பொட்டிக்குள்ள அடைஞ்ச பொறவுதான் இது விரியுதுங்க. விட்டில் வருது. வந்துபோட்டு லைட்டுக்குப் போயிருது" என்றாள்.

அடுத்த நிலத்தில் புதிதாக வந்த குடோன் விளக்கைப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

ஆண் பூவின் மஞ்சள் மாவு பெண் பூவின் நடுவில் ஒட்டினால்தான் பிஞ்சு நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை என்பதுதான் தெரியவில்லை. பாகல் காலையில் விரிவதால் சுப்பண்ணனுக்குத் தேனீயே போதுமாக இருந்திருக்கிறது. அவள் கைக்கு எட்டிய பெண் பூக்களில் ஆண் பூவைத் தடவி, அடையாளத்துக்குத் தறி நூலைக் கட்டியிருந்தாள். சில நாளில் நூல் கட்டிய பிஞ்சுகள் மட்டும் பச்சையாகத் தடித்தன.

பந்தல் முழுக்கத் தொட்டுவைக்க இரண்டு பேர் போதாது. நேரமும் செப நேரம். செபத்தை யார் சொல்வது என்று கேட்டேன். அவள் மிச்ச நூலைச் சுற்றி வைத்தாள்.

"மாதா இங்க வரமாட்டாங்களா?" என்றாள் பிறகு.

தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வந்தார்கள். பந்தலடியில் கல் போட்டு சுரூபத்தை வைத்தோம். ஒரு கையில் செபமாலை, மறு கையில் ஆண் பூ. சத்தம் கேட்டு வந்த சுப்பண்ணன் வரப்பிலேயே நின்று என்னைக் கேட்டார்.

"ஏனுங்க வின்ஸ்டன், பீர்க்கங்காய்க்கு ஞானஸ்நானமுங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் செபமாலையில் எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பது மறந்துபோனது. ஜெயக்கொடி ஒரு பூவைப் பறித்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்களும் தொட்டு வையுங்கண்ணா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

தீபாவளிக்கு முன்பே காய் தொங்கியது. சுப்பண்ணன் பந்தலைப் பிரிக்கவில்லை. குடோன்காரரிடம் பேசி விளக்கை வேறு பக்கம் திருப்ப வைத்தார். தேனீப் பெட்டி அவருடைய தென்னந்தோப்புக்குப் போய்விட்டது. ஜெயக்கொடியின் கால் சரியாகிவிட்டது. இந்த வருடமும் பீர்க்கன்தான் போட்டிருக்கிறோம். என் வலது காது கேட்கிறது.