அளவெடுத்துச் செய்த வண்டி

என் மீசைக்கு இருபத்தெட்டு வயது. அதை நான் அழகுக்காக வளர்க்கவில்லை, தற்காப்புக்காக வளர்த்தேன். மீசை இல்லாவிட்டால் நான் அச்சு அசல் என் அத்தை. பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை வழித்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். தூங்கி எழுந்த மாமா என்னைப் பார்த்து, "கண்ணாடிய எங்க வச்ச? எடுத்தா எடுத்த எடத்துல வைக்கணும்னு எத்தன தடவ சொல்றது?" என்று ஐந்து நிமிடம் திட்டினார். நானும் பயத்தில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் மூக்குக்குக் கீழே பிளேடு போனதில்லை.

அப்படிப்பட்ட மீசையைத்தான் போன மாதம் சாப்பாட்டு மேஜையில் பணயம் வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அதிலும் எனக்குத் தொழிலே வாய்தான். பல்செட் செய்து கொடுக்கிறேன்.

எல்லாம் என் மனைவியின் தம்பியால் வந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். எங்கள் முன்னறையில் மூன்று வருடமாக ஒரு பழைய ரேஸ் மோட்டார்சைக்கிள் இருக்கிறது. நீளமான சிவப்பு டேங்க், ஒற்றை சைலன்சர், ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம். வந்தபோது அது வண்டியாக வரவில்லை, நாலு சாக்கு மூட்டையாக வந்தது. இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் பல்செட் தேய்க்கிற மெஷினிலேயே தேய்த்துப் பளபளக்க வைத்தேன். அந்தச் சமயத்தில் பல்செட்டுக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு மாதம் கஞ்சி குடித்தார்கள். அதைப் பற்றி இப்போது எதற்கு?

மச்சான் சாப்பிட வந்தவன், கையைக் கழுவிக்கொண்டே முன்னறையை எட்டிப் பார்த்தான்.

"மாமா, இது வண்டி இல்ல, பாத்திரக்கடை. இது ஓடுற அன்னிக்கு நான் டிரைவிங் ஸ்கூல மூடிட்டு உங்ககிட்ட பல்லு தேய்க்க வந்துடறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை, பதினோரு மணிக்கு, இத ஓட்டிக்கிட்டு வந்து உன் வீட்டு வாசல்ல நிப்பேன்டா. நிக்கலன்னா மீசைய எடுத்துடறேன்!"

"ஏங்க உங்களுக்கு இந்த வாய்?" என்றாள் என் மனைவி. அவள் தபால் நிலையத்தில் கவுன்டரில் வேலை பார்க்கிறவள். ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது என்று தெரிந்தவள்.

சாக்கு மூட்டையில் மூன்று சாமான்கள் மட்டும் வரவில்லை: சீட்டு, ஹேண்டில்பார், கால் வைக்கிற கட்டைகள். அவற்றை நானே செய்தேன். அளவு விஷயத்தில் நான் மகா கறார். யார் வாயில் போடப் போகிறோமோ அவர் வாயில்தான் அளவெடுக்க வேண்டும். ஒரு தடவை, அண்ணன் வெளியூர் போயிருக்கிறார் என்று தம்பியின் வாயில் அளவெடுத்து அனுப்பிய ஒரு டாக்டரைப் போனில் அரைமணி நேரம் கிழித்திருக்கிறேன்.

வண்டிக்கும் அப்படித்தான் அளவெடுத்தேன். நான் தரையில் படுத்து, கீழே இருந்து குறி போட வேண்டும். மேலே ஒரு ஆள் உட்கார வேண்டும். வீட்டில் இருந்த ஆள் என் மனைவி. வேலை முடிந்து வந்ததும் டீ கிளாஸோடு ஏறி உட்காருவாள். அக்காவோடு போனில் பேசுவாள், பட்டாணி உரிப்பாள். "கைய நீட்டு, முட்டிய மடக்கு" என்பேன். நீட்டுவாள், மடக்குவாள். சீட்டுக்காக பல் அச்செடுக்கிற பிளாஸ்டர் மாவை ஈரமாகக் குழைத்துப் பரப்பி, மேலே பாலித்தீன் விரித்து, அதில் உட்கார வைத்தேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும்.

"என்னங்க, சுடுதுங்க."

"அசையாத. அசைஞ்சா அளவு போயிடும்."

நாலு தடவை அச்செடுத்தேன். பசை போட்டதுபோல் கச்சிதம். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். ஏழாவது உதையில் இன்ஜின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்து கைதட்டினார். நான் ராஜா மாதிரி காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று சொல்வது பாதி உண்மை. என்னில் பாதிதான் சீட்டில் இருந்தது. முட்டி இரண்டும் ஹேண்டில்பாருக்கும் டேங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. தொப்பை டேங்க் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினால் வலது முட்டி தடுத்தது, இடது பக்கம் திருப்பினால் இடது முட்டி. நாலடி நேராகப் போய், மெதுவாக, மிக மெதுவாக, எலக்ட்ரீஷியனின் பூந்தொட்டி மேல் சாய்ந்தேன். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு நன்றாகவே ஒட்டியது.

"இறங்குங்க," என்றாள் மனைவி.

"முடியல."

இரண்டு பேருமாகக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல் ஆட்டி ஆட்டி என்னை வெளியே எடுத்து, வண்டியையும் நிமிர்த்தி நிறுத்தினார்கள். அப்போதுதான் புரிந்தது. மூன்று வருடமாக நான் அண்ணன் பல்செட்டுக்குத் தம்பி வாயில் அளவெடுத்திருக்கிறேன்.

மணி பத்து. என்னிடம் ரம்பம் இருந்தது. கால்கட்டைத் தகட்டை வெட்டிப் பின்னால் தள்ளி, சீட்டை அறுத்து எடுத்துவிட்டு வெறும் தகட்டில் உட்கார்ந்தால், எப்படியாவது மச்சான் வீட்டு வாசல் வரை உருட்டிவிடலாம். மீசை தப்பிக்கும். ரம்பத்தை எடுத்துக் கால்கட்டைத் தகட்டில் வைத்தேன்.

"வெட்டுங்க," என்றாள் அவள். "அத்த மூஞ்சியோட உங்கள வச்சுக்கிட்டு நானும் குடும்பம் நடத்த முடியாது."

ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மூணு வருஷமா இதுல உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது நகராதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்."

மச்சானுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு தன் அப்பாவின் மோட்டார்சைக்கிளில் தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருடம் அவளை அளவுகோலாக வைத்திருந்தேன். அவளிடம் ஒரு தடவைகூட 'ஓட்டுறியா' என்று கேட்டதில்லை.

ரம்பத்தைக் கீழே போட்டேன். என் ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்தேன். "போ. உன் தம்பி வீட்டுக்கு. நான் பஸ்ல வர்றேன்."

"அப்ப மீசை?"

"போகட்டும் சனியன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கை, கால், முதுகு, எல்லாம் அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. என் வாழ்நாளில் ஒரு பல்செட்கூட அப்படிப் பொருந்தியதில்லை. கியர் விழுந்தது, தெருமுனை திரும்பினாள், காணவில்லை.

நான் பத்து ஐம்பதுக்கு மச்சான் வீட்டில் இறங்கினேன். வாசலில் நாற்காலி, சோப்புத் தண்ணீர், ரேசர் எல்லாம் தயாராக வைத்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் சிவப்பாக ஒன்று எங்களைக் கடந்து போனது. கையை ஆட்டியது.

"மாமா, அது அக்காவா?"

"ஆமா."

"நிக்கவே இல்லயே!"

இரண்டாவது சுற்றிலும் நிற்கவில்லை. மச்சான் அது போன திசையையே பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். லைசென்ஸ் சோதனைக்கு ஆள் அனுப்புகிறவன், விதி என்றால் விதிதான்.

"வண்டி ஓடுது, ஒத்துக்கறேன். ஆனா நீங்கதான் ஓட்டிக்கிட்டு வந்து நிப்பேன்னீங்க. நீங்க பஸ்ல வந்தீங்க."

"நான் இல்லன்னு சொன்னேனா? வழிடா," என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பொய் சொல்லவில்லை, எனக்குத் துளி வருத்தமும் இல்லை. தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இடது பக்கம் வழித்து முடித்தபோது தெருமூலையில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. மச்சானின் கையைத் தட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

இந்தத் தடவை நின்றாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என் இடது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வலது பக்கத்தைப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு ரவுண்டு," என்று கெஞ்சினான் பின்னாலேயே வந்த மச்சான்.

"உனக்குப் பத்தாதுடா. இது என் அளவு." அவள் கியரைப் போட்டபடி என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இன்னொரு பக்கத்தையும் எடுத்துட்டு வீட்டுக்குப் போய்ச் சமையலப் பாருங்க. நான் வர லேட்டாகும்."