திரும்ப வந்தவர்களுக்கு மட்டும்

இணுவிலில் ஒரு கலியாணம் குழம்பாமல் ஒப்பேற வேண்டுமென்றால் சமாதான நீதவான் கனகரத்தினம் ஜே.பி.யைக் கூப்பிட வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு காது மந்தம் என்றால் அவர் வாயில் அது ‘அமைதியான சுபாவம்’ ஆகிவிடும். பெண்ணுக்கு வயது ஏறிவிட்டது என்றால் ‘பொறுப்பு வந்த பிள்ளை’. அவர் பேசிய குடும்பங்களில் நோய், வருத்தம் என்ற சொல்லே கிடையாது. முன்னோர் எல்லாரும் நிறைவயதில், சாய்மனைக் கதிரையில், சிரித்தபடி செத்துப்போனவர்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் தங்கை குணலட்சுமிக்குத்தான் வயிற்றில் இரண்டாம் தரம் கட்டி வந்தது.

முதல் தரம் வந்தபோது, கொழும்பில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் சூலகத்தையும் கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். பிறகு மருந்தும் ஏற்றினார்கள். புற்றுநோய் என்று அங்கே சொன்ன சொல்லைக் கனகரத்தினம் கொழும்பிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினார். ஊருக்கு அது குடலில் ஒரு சின்ன வெட்டு. குணலட்சுமியின் மகளுக்கு அப்போது ஒரு இன்ஜினியரைப் பேசிக்கொண்டிருந்தார், அதனால். மகள் கலியாணம் முடித்துத் திருகோணமலைக்குப் போன பிறகும் சின்ன வெட்டு சின்ன வெட்டாகவே இருந்தது.

குணலட்சுமிக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அது பிறவியிலேயே வந்தது: எதையும் கேட்காமல் இருக்க முடியாது. கோயிலில் ஐயர் கற்பூரத் தட்டை ஏன் மூன்று தரம் சுற்றுகிறார் என்று கேட்டு ஐயரையே யோசிக்க வைத்தவள். இப்போது வயிறு மீண்டும் பொருமி, பட்டணத்துக் கிளினிக்கில் நீர் எடுக்கப் போனபோது, அங்கே தாதியாக இருந்த குருநகர் ஸ்ரெல்லா மிசியிடம் மட்டும் பழைய கதையைக் காதோடு சொன்னாள். கிளினிக் அட்டையில் அது ஏறக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை.

“இனி என்ன மருந்து மிசி?”

“பழைய மருந்து முந்தின மாதிரிக் கேளாது அம்மா. கொழும்பிலை ஒரு புது மருந்தைப் பரீட்சிச்சுப் பாக்கினம். அதுக்கு ஆள் எடுக்க வாற வியாழக்கிழமை ஒரு டொக்டர் இஞ்சை வாறார். ஆனால் எல்லாரையும் எடுக்கமாட்டினம். தகுதி பாப்பினம்.”

“என்ன தகுதி?”

“அது அவர் கேக்கேக்கைதான் தெரியும்.”

வீட்டில் தங்கை சொல்லி, தகுதி என்ற சொல் கனகரத்தினத்தின் காதில் விழுந்ததுதான் தாமதம், சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“உந்தக் காரியத்தை என்னட்டை விடு பிள்ளை.”

கிராம சேவகரிடம் ஒரு நற்சான்றிதழ் எடுத்தார். ‘இன்னார் நல்லொழுக்கம் உடையவர், எவ்விதக் குற்றச்செயலிலும் ஈடுபடாதவர்.’ தங்கைக்குப் பட்டுச்சேலை உடுத்தச் சொன்னார். தடித்த சங்கிலியைப் போடச் சொன்னார். முகம் வெளிறிக் கிடக்கிறதென்று பவுடரும் பூசச் சொன்னார். ஏ-40 கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கோண்டாவில் தாண்டும்வரை பாடம் நடத்தினார்.

“கேட்டால் மட்டும் கதை. திரும்ப வந்ததெண்டு மூச்சும் விடாதை. ஒருக்கா வந்ததெண்டாலே யோசிப்பாங்கள். ரெண்டு தரமெண்டால் ஆர் எடுப்பான்?”

“வருத்தக்காரரைத்தானே அண்ணை தேடினம்?”

“வருத்தக்காரரிலும் நல்ல வருத்தக்காரர் இருக்கினம்.”

குணலட்சுமிக்கு அது விளங்கவில்லை. ஆனால் அண்ணை பேசி ஒப்பேறாத காரியத்தை அவள் கண்டதில்லை. புது மருந்தோ இதைவிட்டால் இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

டொக்டர் பஞ்சலிங்கம் மெலிந்த மனிதர். நற்சான்றிதழை முதலில் இருந்து கடைசிவரை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லது ஐயா. குற்றம் செய்தவைக்கும் நாங்கள் மருந்து குடுப்பம்.” குணலட்சுமியின் பக்கம் திரும்பினார். “இதுக்கு முந்தி ஏதும் ஒப்பரேஷன், மருந்தேத்தல்?”

“ஒண்டுமில்லை,” என்றார் கனகரத்தினம். “இதுதான் முதல். எங்கடை பரம்பரையிலை தடிமன் காய்ச்சல்கூட ஆருக்கும் வந்ததில்லை.”

“அப்ப மன்னிக்கவேணும். முதல் தரம் வந்தவைக்கு இருக்கிற மருந்தே நல்லாக் கேக்கும். அதை விட்டிட்டுத் தெரியாத மருந்தை ஏத்தினால் பாவம். இது திரும்ப வந்தவைக்கு மட்டும்.”

கனகரத்தினத்தின் அனுபவத்தில் குறையைத் தேடி வந்த சம்பந்தம் இதுதான் முதல். சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பது ஒரு ஜே.பி.க்கு அழகல்ல. “அதாவது டொக்டர், முதல் எண்டு நான் சொன்னது…” என்று தொடங்கி நடுவழியில் நின்றார். டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கைவைத்தார்.

“திரும்பத்தான் வந்தது டொக்டர்,” என்றாள் குணலட்சுமி. “மூண்டு வருஷத்துக்கு முந்திக் கொழும்பிலை வெட்டி எடுத்தவை. பிறகு மருந்தும் ஏத்தினவை. அது முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேலை சுகமா இருந்தன்.”

டொக்டர் மணியை விட்டார்.

“ஏன் முதலே சொல்லேல்லை?”

தங்கை அண்ணையைப் பார்த்தாள். அண்ணை மின்விசிறியைப் பார்த்தார்.

“நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறியளோ?”

“சீச்சீ,” என்றார் கனகரத்தினம், இழந்த மதிப்பை எப்படியாவது மீட்டுக்கொள்ள. “நாங்கள் படிச்ச ஆக்கள்.”

“விடியக்காலமை கசாயம் குடிக்கிறன். அண்ணைதான் வைத்தியரிட்டை வாங்கியந்து தாறவர்.”

டொக்டர் இருமினார். இருமல்தான் என்று சொல்ல முடியாது.

“கசாயத்தை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஒரு மாசம் போக இரத்தம் பாப்பம். சிறுநீரகம் பழுதில்லாட்டி உங்களை எடுக்கலாம். பழைய ஆசுபத்திரிக் கடதாசியளும் வேணும்.”

“ஒரு மாசத்துக்குள்ளை கட்டி வளராதோ?”

“வளரலாம். ஏலாமல் வந்தால் நாளெண்ணாமல் உடனை வாங்கோ. பழைய மருந்தைத் துவங்குவம்.”

“எடுத்தால் புது மருந்துதானே தருவியள்?”

“அது சீட்டுக் குலுக்கிற மாதிரி அம்மா. பாதிப்பேருக்குப் புதுசு, பாதிப்பேருக்குப் பழசு. ஆருக்கு எது விழுமெண்டு எனக்கும் தெரியாது.”

கனகரத்தினம் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “அங்கை மேலிடத்திலை ஆரையும் பிடிச்சால்…”

“சும்மா இருங்கோ அண்ணை.” அவளுக்கு இப்போது மருந்தை விட இந்தச் சீட்டுத்தான் பெரிதாகப் பட்டது. “ஏன் டொக்டர் அப்பிடி? புதுசு நல்லதெண்டால் எல்லாருக்கும் குடுக்கலாமே.”

“நல்லதோ எண்டு தெரியாது. அதைத்தான் பாக்கிறம்.”

“அப்ப புதுசு கூடாமல் போனால், பழசு விழுந்தவைதான் அதிஷ்டசாலியள்.”

“ஓம்.”

பட்டுச்சேலை வயிற்றில் இறுக்கியது. கொசுவத்தைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள்.

“இடையிலை வேண்டாமெண்டு வரலாமோ?”

“எப்பவும் வரலாம். அதுக்காக ஆரும் கோவிக்கமாட்டம்.”

“அப்ப எனக்குச் சம்மதம். எதெண்டாலும். ஆனால் எது நல்ல மருந்தெண்டு எப்ப தெரியும்?”

“ரெண்டு மூண்டு வருஷமாவது செல்லும்.”

ரெண்டு மூண்டு வருஷம் என்ற கணக்கு அந்த அறையில் இருந்த மூவருக்கும் விளங்கியது.

“நான் இருந்தால் எனக்குச் சொல்லுங்கோ,” என்றாள் குணலட்சுமி. “இல்லாட்டில் இவருக்குச் சொல்லாதையுங்கோ. இவர் ஊரிலை மாத்திச் சொல்லிப்போடுவார். ஸ்ரெல்லா மிசிக்குச் சொல்லுங்கோ. அவவும் அறிய ஆசைப்படுவா.”

டொக்டர் சிரிக்கவில்லை. ஸ்ரெல்லா என்ற பெயரை எழுதிக்கொண்டார்.

கனகரத்தினம் எழுந்து நின்றார். சால்வை ஒரு பக்கம் சரிந்து கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. பழைய கடதாசிகள் தன்னுடைய அலுமாரியில்தான் பூட்டிக் கிடக்கின்றன, கார் வெளியில் நிற்கிறது, இப்போதே போய் எடுத்துவந்தால் டொக்டர் இருப்பாரா என்று கேட்டார்.