இருநூற்றுப் பதினாலாவது பிளேட்

அருமைநாயகத்தின் கழுத்தில் கிடந்த கயிற்றைக் கத்தரித்துச் சாவியை எடுத்தது மருமகள் எப்சிதான். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மகன் பெர்லினின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தை ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தார். இடம் வாங்கிய சீட்டைக் காட்டினால்தான் குழி வெட்டுவோம் என்று சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியார் சொல்லி அனுப்பியிருந்தார். சீட்டு பிளேட் அறையில்தான் இருக்கும். அந்த அறைக்குள் வீட்டு ஆட்களை அவர் விட்டதில்லை.

டிராயிங் மாஸ்டராக இருந்தவர் சேர்த்ததெல்லாம் பழைய நம்பர் பிளேட். அம்பாசிடர், பியட், மணிமுத்தாறு அணை வேலைக்கு ஓடிய ஜீப் என்று சுவர் முழுக்க தகரம். ஒவ்வொன்றின் கீழும் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறந்தவருக்கு, எந்த லாரி எந்த வருடம் ஓடியது என்பது மட்டும் தப்பாது.

கல்லறைச் சீட்டு மேசை டிராயரிலேயே இருந்தது. திரும்பும்போதுதான் கடைசி வரிசையின் ஓரத்தில் 4069 என்ற எண்ணைப் பார்த்தாள்.

பெர்லினின் பைக். கல்யாணமான மறுநாள் அதில்தான் அவளைக் கல்லிடைக்குறிச்சி ஆற்றுக்குக் கூட்டிப்போனான். ஏழு வருடத்துக்கு முன் வண்ணார்பேட்டையில் லாரி மோதி அவன் செத்தபோதும் அதே பைக்தான். கேஸ் முடிந்ததும் அதை எடுத்துவரப் போன மாமனாரிடம், ஒரு போல்ட்டாவது கொண்டு வாங்க மாமா என்று கெஞ்சி அனுப்பினாள். எல்லாத்தையும் ஏலத்தில் அள்ளிவிட்டார்கள், ஒன்றும் மிச்சமில்லை என்று வந்து சொன்னார். அதை நம்பி அழுது தீர்த்தவள் இவள்.

கீழே சீட்டு இருந்தது. 'எண் 214. பஜாஜ், 2016. நிலை: நன்று. வலது மூலை மடங்கியது.'

நன்றாம். எப்சி பிளேட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆணியோடு பிடுங்கினாள். காரை உதிர்ந்தது.

பிளேட்டோடு வந்தவளைப் பார்த்ததும் மாமியார் சாரம்மாளின் முகம் போன போக்கிலேயே விஷயம் விளங்கிவிட்டது. எப்சி அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும். ஒன் கையில குடுத்தா நீ அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருவன்னு சொன்னாவ."

"அவிய மட்டும் பாத்துக்கிட்டு உக்காரலாமோ?"

சாரம்மாள் அடுப்புத் திட்டைப் பார்த்தாள். "நானும் தொட்டதில்ல எப்சி. சாவிய எங்கிட்டயும் குடுத்ததில்ல" என்றாள்.

கேட்டிருக்க வேண்டியதுதானே. பெற்றவள்தானே.

மதியம் சிவசண்முகம் மாலையோடு வந்தார். தென்காசிக்காரர், இவரும் பிளேட் சேர்க்கிறவர். பெட்டிக்கு முன் ஒரு நிமிடம் நின்றார். பிறகு எப்சியிடம் வந்து, இந்தத் தொகுப்பைப் பிரிக்கவே கூடாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று பைய ஆரம்பித்தார். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"அது இருநூத்திப் பதினாலுல்லா. எடத்துலயே மாட்டிருங்கம்மா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணாச்சி எங்களுக்கெல்லாம் காட்டியிருக்காவளே" என்றார் அவர், பெருமையாகவே.

ஊரான் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். பக்கத்து அறையில் ஏழு வருடம் படுத்துக்கிடந்தவளுக்குச் சுவர்தான். செருப்பு அந்தப் பக்கம் கிடக்கிறது என்று எப்சி அவருக்கு வாசலைக் காட்டினாள்.

நாலு மணிக்குச் சர்ச் ஐயர் ஜெபத்தை முடித்து, குடும்பத்தார் கடைசி முத்தம் கொடுக்கலாம் என்றார். சாரம்மாள் குனிந்து கணவரின் நெற்றியில் கொடுத்தாள். அவருடைய தம்பிமார்கள் கொடுத்தார்கள். எல்லோரும் எப்சியைப் பார்த்தார்கள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூடியைப் பிடித்திருந்த இருவரும் கை மாற்றிக்கொண்டார்கள். ஐயர் தொண்டையைக் கனைத்தார். யாரோ ஒருத்தி, செத்த மனுஷர்கிட்ட என்ன கோவம் என்று முணுமுணுத்தாள். செத்ததனால்தான் கோபம். உயிரோடிருந்தால் கேட்டிருப்பாளே.

சாரம்மாள் மருமகளையும் மடியில் கிடந்த பிளேட்டையும் பார்த்தாள்.

"மூடுங்க" என்றாள்.

திருகாணி இறங்கும் சத்தம் கேட்டது. சாரம்மாள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மடங்கிய மூலையைத் தொடக் கையை நீட்டினாள்.

எப்சி பிளேட்டை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள்.