தகரக் குண்டும் இரண்டு அட்டைகளும்

...கொட்டகையில் அப்போது மூன்று பேர், அதைத்தான் முதலில் எழுத வேண்டும், காட்டில் அணில் சுடும் எம்லின் எந்தக் கடிதத்தையும் அப்படித்தான் தொடங்குவார், யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள்: காட்டு மேலாளர் நெரிஸ் மக்காச்சோள மூட்டையின் மேல், டிராக்டர் ஓட்டும் கிளெட்வின் கவிழ்த்த வாளியின் மேல், தான் கதவோரப் பெஞ்சில், மடியில் காற்றுத் துப்பாக்கி. நேரம் காலை பத்தரை. காற்று மேற்கிலிருந்து, லேசாக... லேசாகத்தானா? வேனின் ஸ்டீயரிங்மேல் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா அங்கே நின்றது. காற்று பலமாக இருந்தது என்று எழுதிவிட்டால் எவ்வளவு சௌகரியம். இருபத்தைந்து மீட்டரில் பத்துக் குண்டும் ஒரு நாணயத்துக்குள் விழ வேண்டும், விழாவிட்டால் அந்தக் குண்டால் அணிலைச் சுடக் கூடாது, அது சாகாது, துடிக்கும், இது எம்லினே வகுத்த விதி. எம்லின் புதுத் தகரக் குண்டால் பத்துச் சுட்ட குறி அட்டையைக் கிளெட்வின் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தான், ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியிருந்தன. “யோவ் எம்லின், இது குறி பாத்துச் சுட்டதா, இல்ல உப்புத் தூவினதா?” நெரிஸ்தான் அவனை அடக்கினாள். “சும்மா இரு. தகரம் லேசு, காத்து தள்ளியிருக்கும். எம்லின், உங்க குறி தப்பாதுன்னு எனக்குத் தெரியாதா? தகரம் சரிப்படாதுன்னு கார்டிஃப்ல முதலாளிக்கு நீங்களே எழுதிப் போட்டுடுங்க. இன்னும் ஒரு வருஷம் ஈயத்துலயே ஓட்டலாம்.” ஒரே வரி. எழுதினால் முடிந்தது.

ஆனால் அவர்கள் போன பிறகு ஒப்பிட ஓர் அட்டை வேண்டுமே என்று, கடிதம் முழுமையாக இருக்கட்டுமே என்றுதான், வேறெதற்கும் இல்லை, ஈயக் குண்டிலும் பத்துச் சுட்டார்... முப்பது வருடமாகக் கைக்குப் பழகிய அதே குண்டு. அட்டையைக் கழற்றி நாணயத்தை வைத்துப் பார்த்தார். நான்கு உள்ளே, ஆறு வெளியே. அதே உள்ளங்கை அகலம், அதே உப்பு. அப்போது காற்று நின்றே போயிருந்தது. எப்போதிலிருந்து இப்படி? போன குளிர்காலத்தில் அணிலை வரவழைக்க வைத்த தீனிப்பெட்டியின் மூடி இரண்டாகத் தெரிந்தது, மூடுபனி என்று நினைத்துக்கொண்டாரே, அப்போதிருந்தா? போன வாரம் குண்டு பட்டுக் கிரீச்சிட்டபடி உச்சிக்கு ஏறிய அந்த அணில், மறுநாள் புதரடியில் கிடைத்தது, இன்னும் சூடு ஆறாமல்... அன்றைக்கும் குண்டைத்தான் குறை சொன்னார், மட்டமான டப்பா என்று. காடாக நட்டு வளர்த்த பீச் மரங்களைப் பார்த்தால் அணில்மேல் இரக்கம் வராது, இருபத்திரண்டு வயது மரங்கள், அணில் கொறித்துப் பட்டை சுற்றிலும் உரிந்து எலும்பு போல வெளுத்து, உச்சி பட்டுப்போய், சுடாமல் விட்டால் பத்து வருடத்தில் காடு விறகு. சுட ஆள் வேண்டும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரியானன் இருக்கிறாள், நாணயத்துக்குள் போடுவாள். தகரத்திலும் போடுவாளோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள அவளைச் சுடச் சொல்ல வேண்டும். சொன்னால் தன் துப்பாக்கி அலமாரியோடு சரி.

சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஈயமே தொடரும், ஈயமென்றால் பருந்துகள். வாலை மட்டும் எண்ணிக்கைக்கு நறுக்கிக்கொண்டு உடலை அடிமரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவது அவர் பழக்கம், வீணாகக் கூடாதென்று, சத்தம் கேட்டதுமே மேலே நான்கைந்து வட்டமிடும், அவரும் தலையை உயர்த்தி ‘இருங்க, இருங்க’ என்பார். பிப்ரவரியில் செத்துக் கிடந்த பருந்து ஒன்றைக் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே படம் பிடித்துக் காட்டினார், இரைப்பையில் வெள்ளைப் பொட்டுகள், தூள் தூளாக ஈயம். தன் கையாலேயே பரிமாறியது. அதற்காகத்தானே இத்தனை தகரமும், இத்தனை அட்டையும்... களைப்பாக இருந்தது. பிளாஸ்கில் தேநீர் ஆறியிருந்தது, ரொட்டியைப் பிரிக்கவே மனமில்லை. முதல் தாளைக் கிழித்தார், இரண்டாவதையும். மூன்றாவதில் காற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ‘இத்துடன் இரண்டு அட்டைகள். ஒன்று ஈயம், ஒன்று தகரம். எது எதுவென்று பின்பக்கம் குறித்துள்ளேன். இரண்டும் நான் சுட்டவை. முடிவுக்கு வருமுன் இன்னொருவர் கையாலும் சுட்டுப் பார்க்கவும்.’ கையெழுத்து. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தி, மேட்டிலிருந்த சிவப்புப் பெட்டிக்கு நடந்து உள்ளே போட்டார், அது விழுந்த சத்தத்தோடுதான் நினைவு வந்தது, பின்பக்கம் எதுவும் குறிக்கவில்லை. தபால் வண்டி அப்போதுதான் வந்து நின்றது, தபால்காரி மெய்ர் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் தள்ளினாள். “என்ன எம்லின், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எதையாவது விட்டுட்டீங்களா? பைக்குள்ள விழுந்துட்டா ராஜா சொத்து, திருப்பித் தரக் கூடாது, ஆனா உங்களுக்குன்னா ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்.” மறந்ததா, மறக்க விட்டதா... எடுத்துக் கொடுத்தாலும் எதன் பின்னால் எதை எழுதுவது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருக்கே தெரியாது. “வேண்டாம், போகட்டும்” என்றார்.