அவன் கொடுத்த நம்பர்

எனக்கு யாரையும் சுலபத்தில் நம்ப வராது. வங்கியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெண் மாளவிகாவுக்குப் பார்த்திருக்கும் சாய்சரணிடம் ஒரு குறையும் தென்படவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்குள் ஏதாவது கண்டுபிடித்தால்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனே மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தான். மாளவிகாவின் ஆபீஸ் வேலைக்கு எங்கள் கம்ப்யூட்டரில் டாக்கர் என்று ஏதோ போட வேண்டுமாம். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டுவது என்று மாளவிகா விளக்கினாள். என் பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் அதே கம்ப்யூட்டரில்தான். நாற்காலியை இழுத்து அவன் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

"சிஐடி வேலை பாக்காதேப்பா," என்று சொல்லிவிட்டு மாளவிகா காபி கலக்கப் போனாள்.

அவன் கறுப்புத் திரையில் எதையோ தட்டினான். நடுவில் நிறுத்திவிட்டுத் தன் ஃபோனை எடுத்தான். திரையைப் பார்த்தான், ஃபோனைப் பார்த்தான், மறுபடி திரை. மாட்டினான் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

"ஃபோன்ல யாரு?"

"யாருமில்லை மாமா. இதைத் தயாரிக்கறவாளோட சொந்தக் கிடங்குலேர்ந்துதான் எறக்கறேன். நெஜமா அவா அனுப்பினதுதானான்னு பாக்க ஒரு சாவி குடுப்பா. அந்தச் சாவியோட அடையாள நம்பரைச் சரிபாக்கறேன்."

"சாவியும் அவா குடுத்ததுதானே?"

"அதான் மாமா. எவனாவது நடுவுல பூந்து போலியைக் குடுத்தா, போலிச் சாவியையும் சேத்துதான் குடுப்பான். அதனால நம்பரை வேற வழியாப் பாக்கணும். உங்காத்து வைஃபைல இல்லாம, என் ஃபோன்ல, வேற எடத்துலேர்ந்து."

எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் டாக்கரை ஏற்றினான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பையனைப் பிடித்தும் போயிற்று, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

காபியைக் குடித்துவிட்டு அவன் மெதுவாகக் கேட்டான். "மாமா, என்னைப் பத்தி நிரஞ்சன்கிட்ட விசாரிச்சேளாமே?"

"ஆமா. உங்க ஆபீஸ்தானே அவர்? தங்கமான பையன்னு சொன்னார்."

"அவன் நம்பரை உங்களுக்கு யாரு குடுத்தா?"

சுருக்கென்றது. "நீங்கதான்," என்றேன். ஆடிட்டில் ஆயுசைக் கழித்தவன் சொல்லக்கூடிய பதிலா அது!

"வேற எடத்துல கேளுங்கோ மாமா. போன வருஷம் எனக்கு அடையாறுல ஒரு சம்பந்தம் நிச்சயமாகி நின்னுபோச்சு. மாளவிகாவுக்குத் தெரியும். ஏன்னு நான் சொன்னா அது என் பக்கத்துக் கதையாத்தான் இருக்கும்."

"அவா நம்பர் இருக்கா?"

"நான் குடுக்கப்படாது."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் தேடிய குறை கையில் கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. மாளவிகா காலி டம்ளர்களோடு நின்றிருந்தாள். ஊரையே துருவித் துருவிக் கேட்டேன், இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"சொன்னா நீ வேண்டாம்னுடுவேன்னு பயந்தேம்பா," என்றாள். "அவா நம்பர் என்கிட்ட இருக்கு. தரட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். "வேற வழியா நானே தேடிக்கறேன்."