வணக்கம், அர்த்தனாரி

அர்த்தனாரி செத்து வருஷம் திரும்பப் போகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரோ அன்று காலையிலும் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மணிமேகலை மலையடிவாரத்துக் காரவள்ளியில் முதல் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு, மலைமேல் அரியூர் நாட்டில் இறங்கி, மையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே புகுந்திருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. திரையில் மட்டும் எழுத்து எரிந்தது: 'வணக்கம், அர்த்தனாரி.' பக்கத்திலேயே ஒரு பச்சைப் புள்ளி. ஆள் வேலையில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

அர்த்தனாரியை அவள் பார்த்ததுகூட இல்லை. அவர் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள்தான் அவள். சுவரில் மாலை போட்ட படத்தில்தான் பழக்கம். திரையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"பயந்துட்டியா கண்ணு? நாந்தான் தொறந்து வெச்சேன்." பின்கட்டிலிருந்து விஜயா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரத்தம் எடுப்பவள் அவள்தான். அரியூர்க்காரி, ஊசி போட்டால் குழந்தைகூட அழாது.

அட, அடியோடு மூடிவிட்டதாகச் சொன்ன கம்ப்யூட்டர் கணக்கு இது! ஜீப் ஓட்டுகிற யுவராஜ் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கீழே இருக்கிற ஒரு அறக்கட்டளை நடத்துகிற இரண்டு அறைக் கட்டடம். மலை முழுக்க இருந்து ஆட்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருவார்கள். விஜயா எடுப்பாள், கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றுவார்கள், யுவராஜ் ஜீப்பில் ரத்தப் பெட்டியைக் கீழே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவான். ரிசல்ட் நல்லபடியாக வந்தால் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடும். ஆபத்தாக ஏதாவது இருந்தால் மட்டும் ஒரு ஏற்பாடு. யார் கணக்கில் பெயரை ஏற்றினார்களோ அவர் போனுக்கு எச்சரிக்கைச் செய்தி போகும். அவர் பார்த்துவிட்டுப் பதில் போடும்வரை விடாமல் மணியடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அவரவர் கணக்கில் அவரவர் வேலை, அடுத்தவர் கடவுச்சொல்லைத் தொடக்கூடாது என்று சட்டம். மணிமேகலை அதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

சொன்னால் கேட்கிற கூட்டமா அது? காகிதம் ஒட்டிய மறுநாளே அதன்மேல் காலண்டர் ஏறிவிட்டது. யுவராஜ் தன் கடவுச்சொல்லை ஜீப் கண்ணாடியில் எழுதி வைத்திருந்தான், மலையேறி வந்த சுற்றுலாக்காரர்கள்கூடப் படித்துவிட்டுப் போனார்கள். விஜயாவுக்குத் தன்னுடையது எது என்றே ஞாபகம் வராது. கேட்டால், "எல்லாம் ஒரே ஆபீசுதானே கண்ணு, உன்னுது என்னுதுன்னு எதுக்கு?" என்று சிரிப்பாள். மணிமேகலைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவள் கோபத்துக்குக் கீழே வேறொன்று கிடந்தது. போன ஐப்பசியில் விஜயாவின் தங்கை முனியாயி செத்துப்போனாள். நிறைமாதம். ரத்த அளவு ஒரேயடியாக இறங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை, பிரசவத்தில் தாங்காமல் போய்விட்டாள். ரிசல்ட் வரவே இல்லை என்றார்கள் மலையில். எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, உங்கள் ஆள்தான் எடுக்கவில்லை என்றார்கள் கீழே. கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு மணிமேகலை. தன் போனைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள், எல்லார் போனையும் வாங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்படியென்றால் செய்தி எங்கே போனது? நான்தான் தவறவிட்டேனா? ஒரு உயிர் என் கையில் வந்து மணியடித்து, நான் தூங்கிக்கொண்டிருந்தேனா? அந்தக் கேள்வி அவளை விட்டபாடில்லை. பஸ்ஸில் யார் போன் அடித்தாலும் பதறி எழுவாள். அடிக்காத போதும் அடிப்பதுபோல் கேட்கும்.

யுவராஜ் உள்ளே வந்து திரையையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு நழுவப் பார்த்தான்.

"நில்லு யுவராஜ். இதை மூடிட்டேன்னு சொன்னியா இல்லியா?"

"மூடலாம்னுதான் போனேன் அக்கா. கை வரலே."

"ஏன் வரலே? கைல என்ன புண்ணா?"

விஜயாதான் பதில் சொன்னாள். "அவரு கைராசிக்காரரு கண்ணு. அவரு பேரு ஏத்துனா அந்த ஆளு நல்லபடியா ஊடு போய்ச் சேரும். மலையே சொல்லும். அன்னிக்கு ரத்தப் பெட்டியை எடுத்துக்கிட்டுக் கீழே போறப்ப வளைவுல பனியில வண்டியோட உழுந்தாரே, உசுருதான் போச்சு. பெட்டியைத் தொறந்து பாத்தா ஒரு கண்ணாடிக் குழாய்கூட ஒடையலே. அத்தனை பேரு ரத்தமும் பத்திரமா இருந்துது. அப்பேர்ப்பட்ட கையை எப்படி அழிக்கிறது?"

விஷயம் இப்போதுதான் வெளியே வந்தது. அர்த்தனாரி போன நாளிலிருந்து தினமும் காலையில் அவர் கணக்கைத்தான் முதலில் திறக்கிறார்கள். கடவுச்சொல் எல்லாருக்கும் தெரியும். அவர் பெண்டாட்டி பெயர், மாதம்மாள். கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, அந்தப் பெயரை அடித்து, நாளைத் தொடங்குகிறார்கள். மணிமேகலை வரும் நேரத்துக்குள் அதைவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். இன்றைக்கு பஸ் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"சும்மா தொறந்து மூடறீங்களா? இல்லே, ஆளுங்களையும் அதுல ஏத்தறீங்களா?"

"எல்லாரையும் இல்லே. வயித்துப்பிள்ளைக்காரிங்களை மட்டும். அவங்களுக்குத்தானே ராசி வேணும்?"

மணிமேகலைக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டாள்.

"முனியாயியையுமா அக்கா?"

விஜயாவின் முகம் கறுத்தது. "என் தங்கச்சிய வேற யாரு பேர்ல ஏத்துவேன்? என் கையாலயே ஏத்துனேன். அவ விதி, ராசியும் காப்பாத்தலே. அதை எதுக்கு இப்பக் கிளர்ற?"

"அவரோட போன் என்னாச்சு யுவராஜ்?"

"வண்டியோட நொறுங்கியிருக்கும் அக்கா. செத்தவரு போனை யாரு தேடுனா?"

அப்போதுதான் வாசலில் மணி அடித்தது. கோயில் மணிபோல ஒரு ஓசை. விட்டு விட்டு, திரும்பத் திரும்ப. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யுவராஜ் கதவைவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அந்த ஓசை அவனுக்குத் தெரியும், வருஷக்கணக்கில் அர்த்தனாரியின் மேசையில் கேட்டது.

பனியை விலக்கிக்கொண்டு மாதம்மாள் வந்தாள். அர்த்தனாரியின் மனைவி. தலையில் சேலை முக்காடு, மடியில் ஒரு துணிப்பை. மணி அந்தப் பைக்குள்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, கோச்சுக்காதீங்க சாமி," என்றாள் படியில் நின்றபடியே. "நேத்துப் பொழுது சாயறப்ப ஆரம்பிச்சாரு. விடாம கூப்பிடறாரு. ஆபீசுக்கு வரச் சொல்றாரோ என்னமோன்னு வந்துட்டேன்."

"யாருங்கம்மா கூப்பிடறாரு?" என்றாள் மணிமேகலை.

"அவருதான். வேற யாரு?" மாதம்மாள் பையைப் பிரித்துப் போனை எடுத்தாள். ஓரம் நசுங்கியிருந்தது, திரையில் விரிசல். "எப்பவாவது ஒத்தை மணி அடிச்சு நிறுத்திக்குவாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எடுத்துக் காதுல வெச்சா பேச்சு வராது. மணி மட்டும்தான். அதாவது வருதேன்னு சார்ஜ் போட்டு, ரீசார்ஜும் உடாம பண்ணி வெச்சிருக்கேன். உங்ககிட்டக் காட்டுனா ஆபீஸ் போனுன்னு வாங்கி வெச்சுக்குவீங்கன்னு காட்டலே."

மணிமேகலை அதை வாங்கினாள். திரையில், நேற்றுக் காலை ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பாவாயியின் பெயர். ஏழு மாதக் கர்ப்பம். ரத்தம் மிக மிகக் குறைவு, உடனே கீழே அனுப்பவும்.

"பாவாயி!" என்று கத்தினாள். "விஜயாக்கா, பாவாயி ஊட்டுக்குப் போன் போடுங்க! யுவராஜ், ஜீப்பை எடு!"

அதற்கப்புறம் யாரும் ராசி பேசவில்லை. யுவராஜ் வாசலைத் தாண்டிய வேகத்தில் ஜீப் உறுமியது. விஜயா பாவாயியின் புருஷன் ராசுவை அழைத்து, அவன் மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டு என்ன ஏது என்று இழுத்தபோது, "கேள்வி கேக்காதே, தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வா!" என்று போட்ட சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மணிமேகலை கீழே ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். கடைசியாக அந்த விரிசல் விழுந்த போனில், பார்த்துவிட்டோம் என்று பதில் போட்டாள்.

மணி நின்றது.

"ஐயோ, ஏனுங்க நிறுத்திட்டீங்க?" என்றாள் மாதம்மாள். பிள்ளையின் கையிலிருந்து பலகாரத்தைப் பிடுங்கினால் பார்க்குமே, அப்படிப் பார்த்தாள். பிறகு அவளே சமாதானமாகி பெஞ்சில் உட்கார்ந்தாள். "போவுது. இன்னிக்கு நல்லாத்தான் கூப்பிட்டாரு. இப்படி விடாம கூப்பிட்டது இன்னும் ஒருக்காத்தான். ஐப்பசி மழையிலே. பகலும் ராத்திரியுமா, நிறுத்தவே இல்லே. எனக்கு அழுகாச்சியும் சந்தோசமும் ஒண்ணா வந்துடுச்சு. சாமை பொங்கி, வெல்லம் போட்டு, அவரு படத்துக்கு வெச்சேன். பக்கத்திலேயே படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மணிமேகலை போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பார்க்க வேண்டியதில்லை, தெரிந்துவிட்டது. தேடிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் நிம்மதி வரவில்லை. நான் தவறவிடவில்லை என்று துள்ளிக் குதிக்கவா முடியும்? விஜயா அங்கேதான் நிற்கிறாள்.

"அதைக் குடு கண்ணு," என்றாள் விஜயா.

"வேண்டாங்கக்கா."

"குடுன்னு சொல்றேன்."

விஜயா நின்றபடியே விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. முனியாயி. அடுத்ததும் முனியாயி. அதற்கடுத்ததும். தங்கையின் பெயரே திரை முழுக்க வந்தது, தள்ளத் தள்ள வந்தது. தன் கையால் குங்குமம் வைத்து ஏற்றிய பெயர். அது ஒரே ஊரில், நாலு வீடு தள்ளி, ஒரு படத்துக்கு முன்னால் கிடந்து கத்தியிருக்கிறது. விஜயா அழவில்லை.

"அக்கா," என்றாள் மாதம்மாளைப் பார்த்து. "ஐப்பசியில அது எப்ப நின்னுது?"

"ரெண்டாம் நாளு சாயந்தரம் சட்டுனு நின்னு போச்சு. ஏன்னு தெரியலே. என்ன கோவமோ."

மணிமேகலைக்கு ஏன் என்று தெரியும். அந்தச் சாயந்தரம் எரியூட்டிவிட்டு வந்த கும்பல் கலைந்ததும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, யார் ஏற்றியது என்று காட்டாத பொதுப் பட்டியலில் முனியாயி பெயருக்கு நேரே 'இறந்துவிட்டார்' என்று அடித்தது அவள்தான். அதோடு மணி நின்றிருக்கிறது.

மாதம்மாள் ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதே தவிர, முகம் பார்க்கத் தெரியாதவள் இல்லை. "அன்னிக்கு அவரு என்ன சொன்னாரு விஜயா? எதுக்கு அப்படிக் கூப்பிட்டாரு?"

மணிமேகலை வாயெடுப்பதற்குள் விஜயா முந்திக்கொண்டாள்.

"உங்களை இல்லீங்கக்கா. எங்களைத்தான் கூப்பிட்டிருக்காரு. நாங்கதான் எடுக்கலே."

மதியத்துக்கு மேல் யுவராஜ் கீழேயிருந்து போன் செய்தான். பாவாயிக்குக் கட்டில் போட்டு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். சொல்லிவிட்டு அவன் போனை வைக்கவில்லை. "சரி, நீ மெதுவா வா," என்றாள் மணிமேகலை.

விஜயா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, மாதம்மாள் என்று கடைசித் தடவையாக அடித்தாள். 'வணக்கம், அர்த்தனாரி' என்றது திரை. கணக்கை மூடும் இடம் எது என்று மணிமேகலை காட்டினாள். நிச்சயமாக மூடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. விஜயா திரும்பி, பெஞ்சில் இன்னமும் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"மூடிட்டா இனிமே மணி வராதுங்கக்கா. நீங்க சொல்லுங்க."

வெளியே பனி விலகி, எதிரே மிளகுக்கொடி ஏறிய மரங்கள் தெரிய ஆரம்பித்திருந்தன. மாதம்மாள் எழுந்து வந்து, துணிப்பையிலிருந்து சார்ஜரையும் எடுத்து, போனோடு சேர்த்து மேசைமேல் வைத்தாள்.

"இது இங்கியே இருக்கட்டும் சாமி. என் ஊட்டுல இருந்தா எடுக்க ஆளில்லே. நீ மூடு."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். விஜயா மூடினாள்.

இப்போது மையத்தில் அவரவர் கணக்கில் அவரவர் வேலை. காலண்டர் வேறு சுவருக்குப் போய்விட்டது. ஜீப் கண்ணாடியை யுவராஜே சொல்லாமல் துடைத்துவிட்டான். அந்தப் போன் கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடக்கிறது, யாராவது ஒருவர் தினமும் சார்ஜ் போட்டுவிடுகிறார்கள். அதற்குச் செய்தி வர வழியே இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

தெரிந்து என்ன? பனி இறங்கும் நாட்களில் விஜயா பாதி வேலையில் கையை உதறிவிட்டு ஓடிவருகிறாள். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"அடிச்சுதா கண்ணு?"

இல்லை என்று சொல்ல மணிமேகலைக்கு வாய் வருவதில்லை. அவளுக்கும் கேட்கிறது.

"இன்னொருக்கா பாருங்கக்கா," என்கிறாள்.