வழித்த நாக்கு

வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாள், உதடுகள் இரண்டையும் உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டு, கரண்டி நுனியில் ரசம்சோறு காய்ந்துகொண்டிருக்கிறது, ஆ காட்டும்மா என்று சொல்லி நான்தான் ஆவென்று வாயைப் பிளக்கிறேன், பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான், கரண்டியை அங்கே நீட்டிவிட்டு வாயை இங்கே திறப்பார்கள், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் மகள் லோஷினிக்கு நாலரை வயது, கொஞ்சம் மைலோ குடிப்பாள், பிஸ்கட்டை ஓரமாக நக்கிவிட்டு வைத்துவிடுவாள், அவ்வளவுதான், கன்னம் ஒட்டிப்போய்விட்டது, கவுன் தோளிலிருந்து வழிகிறது, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள், அதைக் கேட்டு நிம்மதி வருவதற்குள் அந்த டாக்டர், அடுத்த வாரத்துக்குள் எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் பால் இறக்க வேண்டும் என்றார், அன்றிலிருந்து எந்தச் சோற்றைப் பிசைந்தாலும் என் கண்ணுக்கு அந்தக் குழாய்தான் தெரிகிறது.

சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம் போகச் சொன்னது என் கணவர் புவனின் அக்கா, இந்திராணி அக்கா, பக்கத்து வீட்டில் இருக்கிறார், ஆஸ்பத்திரிய விட்டுடாத, ஆனா அந்தச் சீனப்பொண்ணையும் ஒரு எட்டு போய்ப் பாரு, பிள்ளைங்களுக்கு நல்லா பாக்குறாளாம், நாக்கத்தான் மொதல்ல நீட்டச் சொல்லுவாளாம் என்றார், நாக்கு என்ற சொல்தான் எனக்கு வினையாகப் போயிற்று, முன்பின் தெரியாத இடத்தில் மகள் வெள்ளை பூத்த நாக்கை நீட்டினால் வளர்த்த லட்சணத்தைப் பார் என்று என்னைத்தானே நினைப்பார்கள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, புறப்படும் காலையில் பல் தேய்த்து முடிந்ததும் கம்பியை எடுத்து அவள் நாக்கை வழி வழியென்று வழித்தேன், ஓங்கரிக்கிறாள், இன்னும் ஒரு தடவைம்மா என்கிறேன், ரோஜா இதழ் நிறத்துக்கு வந்த பிறகுதான் விட்டேன், இதில் மட்டும் அவள் வாயைத் திறந்தாளே என்று ஒரு சந்தோஷம்கூட.

தெலுக் இந்தானில் மழைக்காலத்துக் காலை, கடைவீதியின் ஐந்தடி நடைபாதையில் தண்ணீர் சொட்டுகிறது, உள்ளே அதிமதுர வாசனை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், சின்சே என்றாலே எனக்குத் தாடி வைத்த கிழவர்தான் நினைவுக்கு வரும், இவளுக்கு என் வயதுதான் இருக்கும், குவான் என்று பெயர், நாங்கள் மலாய் மொழியில்தான் பேசிக்கொண்டோம், அவள் தன் நாக்கை மூக்குவரை நீட்டிக் காட்டினாள், லோஷினியும் மெல்ல நீட்டினாள், குவானின் முகம் மாறிவிட்டது, டார்ச் அடித்துப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் மறுபடி பார்த்தாள், நாக்கின் மேல் இருக்க வேண்டிய பூச்சே இல்லையே, வயிற்றின் பலம் அத்தனையும் போனவர்களுக்குத்தான் இப்படி மொழுமொழுவென்று ஆகும் என்று அவள் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் லோஷினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன், எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள், இன்று காலையிலிருந்துதான், நான்தான் வழித்தேன் என்றேன், வழித்தாயா, எதை வழித்தாய், கையால் செய்து காட்டினேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்து எத்தனை காலமாயிற்று, படிக்க வேண்டியதையெல்லாம் அழித்துவிட்டு என்னிடம் வந்து படி என்கிறாயே என்றாள், நாங்கள் வைத்தியரிடம் போகிற நாளில் நாக்கைத் தொடக்கூட மாட்டோம் என்றாள், எங்கள் வீட்டில் நாக்கு வழிக்காமல் தேத்தண்ணிகூடக் கிடையாது என்றேன், சரி, வந்ததற்கு நீ படுத்துக்கொள், பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் ஊசி குத்த மாட்டேன், அம்மாவுக்குப் போட்டுக் காட்டினால் பயம் தெளியும், உன் முகத்தைப் பார்த்தால் உனக்கும் தேவை போலத்தான் இருக்கிறது என்றாள்.

படுத்துக்கொண்டேன், பக்கத்து முக்காலியில் லோஷினி, முடியை விட மெல்லிய, மருந்து இல்லாத வெறும் ஊசி முழங்காலுக்குக் கீழே ஒன்று, கையில் ஒன்று, எறும்பு கடித்தது போல இருந்தது, பிறகு ஒன்றுமே இல்லை, கண் தானாகச் செருகுகிறது, ஆறு வருகிறது, பேராக் ஆறு, பழுப்புத் தண்ணீரில் நான் மல்லாந்து மிதக்கிறேன், வயிறு மேடிட்டுத் தண்ணீருக்கு மேலே தெரிகிறது, உள்ளிருந்து ஒரு குதிகால் இடிக்கிறது, இதோ இருக்கிறாயே, எங்கேயும் போகவில்லையே என்கிறேன், மணிக்கட்டில் குவானின் விரல்கள் அழுத்துகின்றன, அண்மையில் பிரசவமா என்று கேட்கிறாள், கண்ணை மூடியபடியே சொல்கிறேன், ஏழாம் மாதம், ஆண், மூச்சு இல்லாமல் பிறந்தான், வேறு மொழியில் சொன்னதால் சொல்ல முடிந்தது, எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அக்கா குட்டிச் சட்டைகளையெல்லாம் எங்கோ கொடுத்துவிட்டார், நல்ல எண்ணம்தான், தொட்டில் கொக்கியைக்கூடக் கழற்றிவிட்டார்கள், குவான் என் சட்டையைக் கொஞ்சம் உயர்த்தித் தொப்புளுக்குக் கீழே விரலால் இடம் பார்த்தாள், அப்போது முக்காலி சரிந்தது, லோஷினி இரண்டு கையையும் விரித்து என் வயிற்றை மூடிக்கொண்டாள், அங்க வேணாம், அங்கேர்ந்து எடுத்துருவாங்கம்மா, என்கிறாள்.

குவானுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள், என்னத்தடா எடுத்துருவாங்க என்று கேட்கிறேன், நீ நெறையச் சாப்புட்டதானே, அதானே வயிறு பெருசாச்சு, அத்த சொன்னாங்க, அப்புறம் ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க, நீ அழுதுகிட்டே இருந்த, நான் சாப்புட்டா எனக்கும் பெருசாகும், எனக்கும் எடுப்பாங்க, என்கிறாள், அழாமல், கணக்குச் சொல்வது போலச் சொல்கிறாள், தம்பிப் பாப்பா எப்படி வயிற்றுக்குள் போனது என்று அவள் நச்சரித்தபோது அக்கா விளையாட்டாகச் சொன்ன பதில், நானும் கூட இருந்து சிரித்தேன், என் மகள் பிடிவாதக்காரி என்றும் நோஞ்சான் என்றும் என்னென்னவோ நினைத்தேனே, வயிற்றில் பயத்தை வைத்துக்கொண்டல்லவா பட்டினி கிடந்திருக்கிறாள், ஊசிகள் குத்தியபடியே எழுந்து அவளை அணைக்கப் போனேன், பொறு பொறு என்று குவான் ஓடிவந்து உருவினாள்.

வீட்டுக்கு வந்து நானும் புவனும் லோஷினியுமாகத் தரையில் உட்கார்ந்தோம், நான் சொன்னேன், தம்பி இருந்தான்டா, உள்ளயே செத்துப்போய்ட்டான், சாப்புட்டதால இல்ல, நீ ஒண்ணும் பண்ணல, யாரும் பண்ணல, அவள் கேட்டுக்கொண்டாள், தம்பி எப்படி இருந்தான் என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, காட்டவா என்று நர்ஸ் கேட்டபோது வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன், தூக்கிப் போனது புவன்தான், புதைத்ததும் அவர்தான், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், உன்ன மாதிரிதான்ம்மா, மூக்கு அப்படியே உன் மூக்கு, தலை நெறைய முடி, நானும் அப்போதுதான் கேட்கிறேன், என் மகனுக்குத் தலை நிறைய முடி. லோஷினி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள், அவனுக்குப் பசிக்காதா என்றாள், வாசலில் நின்ற இந்திராணி அக்கா, மூச்சு விடாத பிள்ளைக்கெல்லாம் படைக்கறது இல்லம்மா என்று ஆரம்பித்தார், சொல்லி முடிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய் வாழை இலை நறுக்கிக்கொண்டு வந்தார், பால்சோறு பிசைந்து வைத்தேன், விளக்கு ஏற்றினோம், நால்வரும் கும்பிட்டோம், கும்பிடும் கைக்கு மேலாக அவள் இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், தம்பி சாப்புட்டானாப்பா என்கிறாள், சாப்புட்டான் என்கிறார் புவன், மிச்சம் இருக்கே, அது யாருக்கு, என்கிறாள், அது அவனோட அக்காவுக்கு, என்கிறார், லோஷினி திரும்பி வாசல் பக்கம் நின்ற இந்திராணி அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அந்த அக்கா யாரென்று அவளுக்கே புரிந்தது, சம்மணம் போட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறந்தாள்.